குஞ்சு பொரிக்கும் பெட்டியில் சூடு ஏன் தடுமாறுகிறது?

வீட்டிலேயே கோழிக் குஞ்சு பொரித்து விற்பது சிறு முதலீட்டுக்கு ஏற்ற தொழில். ஆனால், 21 நாள் காத்திருந்தும் முட்டைகள் கூழாகிப் போனால் முட்டைக் காசும் மின்கட்டணமும் சேர்ந்தே நஷ்டம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது சூட்டை.

விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 பாகை செல்சியஸ் வேண்டும். விசிறி இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் ஏறக்குறைய 1 பாகை கூட வேண்டும். திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை முட்டைகளுக்கிடையே வைத்து, அது காட்டும் உச்ச அளவோடு ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், சூட்டை அறியும் உணரி இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். மின்குமிழுக்கு அருகே இருந்தால் அது விரைவில் சூடேறிக் குமிழை அணைத்துவிடும். முட்டைகளோ குளிர்ந்து கிடக்கும். உணரியை முட்டை மட்டத்தில், வெளிச்சம் நேரே படாமல் வையுங்கள்.

உரிய அளவு வந்தும் குமிழ் அணையாவிட்டால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், உடனே மாற்றுங்கள். சிறிது நேரக் குளிரை முட்டை தாங்கும், கடும் சூட்டைத் தாங்காது.

குஞ்சுகள் 20ஆம் நாளுக்கு முன்பே வந்தால் சூடு அதிகம். 22ஆம் நாளைத் தாண்டினால் குறைவு. அடுத்த முறை வெறும் பெட்டியை ஒரு நாள் ஓடவிட்டு, மணிக்கொரு தடவை அளவைக் கொப்பியில் குறியுங்கள். அளவு ஆடாமல் நின்ற பிறகே முட்டைக்குக் காசைப் போடுங்கள்.