அஞ்சும் நாய்க்குட்டியைப் பழக்குதல்

மஸ்கெலியாவில் மரக்கறிப் பாத்திகளைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க நாய் பெருந்துணையாகும். ஆயினும், அஞ்சி வளர்ந்த நாய் காவலுக்கு உதவாது, வீட்டாரையே கடிக்கவுங்கூடும்.

8 வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் ஆகாது. புதுவீட்டில் அது ஒளிந்துகொண்டால் இழுத்தெடுத்தலும் அடித்தலும் கூடா. குளிர் மிகுந்த இம்மலைநாட்டில், அடுப்பங்கரை அருகே உலர்ந்த சாக்கை விரித்து, தாயின் மணமுள்ள துணியொன்றை அதன்மேல் இடுக. நாள்தோறும் குறித்த வேளையில் உணவு வைத்து, சற்று விலகி அமைதியாக அமர்ந்திருக்க. குட்டி தானே நெருங்கிவரும்.

ஏறத்தாழ 14 வாரத்துக்குள் அயலவரையும் மண்வெட்டியின் ஓசையையும் சிறிது சிறிதாகப் பழக்குதல் நன்று. அப்பருவத்தில் கண்டவற்றிற்கு நாய் பின்னர் எளிதில் அஞ்சாது.

இப்பகுதியில் சிறுத்தைப்புலி நடமாடுவதால் இரவில் குட்டியை வெளியே கட்டாதீர்கள். விசர்நோய்த் தடுப்பூசியையும் தவறாது இடுவித்தல் வேண்டும்.