நீ ஓடுனா அவன் எதுக்குல துட்டு குடுப்பான்?

போன வாரம் பத்தமடை போயிருந்தேன். விடிகாலைல ஓடிட்டு, வேர்த்து விறுவிறுக்க வந்து ஆச்சியோட கோரைப்பாய்ல சாஞ்சேன். "எதுக்குல இந்தப் பாடு?"ன்னாங்க. ஜனவரில 21 கிலோமீட்டர் ஓடப்போறேன், அதைச் சொல்லி புற்றுநோய் சிகிச்சைக்குப் பணம் திரட்டுறேன்னு சொன்னேன். "நீ ஓடுனா அவன் எதுக்குல துட்டு குடுப்பான்?"

நியாயமான கேள்விதான். ஓட்டத்துக்கும் கீமோவுக்கும் என்ன சம்பந்தம்?

நான் பதிலுக்கு ஒண்ணு கேட்டேன். "திருச்செந்தூருக்கு நடந்து போறவங்களுக்கு நீங்க ஏன் மோர் குடுக்கீங்க?" ஆச்சி யோசிக்கவே இல்ல. "காலு நோக நடக்காங்கள்லா."

இதைத்தான் ஒலிவோலா, ஷஃபீர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2013ல ஒரு கட்டுரையா எழுதுனாங்க. நிதி திரட்ட ஒரு விருந்து வைக்கிறதைவிட, உடம்பை வருத்துற ஓட்டம் வச்சா மக்கள் அதிகமா குடுக்கத் தயாரா இருக்காங்களாம். அதுலயும் மனுஷங்க கஷ்டத்தைத் தீர்க்கிற காரியம்னா இது நல்லா வேலை செய்யுது. பூங்கா கட்டுறதுக்கு அவ்வளவா இல்ல. நேர்த்திக்கடன் பார்த்து வளர்ந்த நமக்கு இதுல பெரிய ஆச்சரியம் இல்லதான்.

பெரிய அளவுல இது நடந்தது இலங்கைல. போர் முடிஞ்சு ரெண்டு வருஷம். 2011 ஜூலைல நேதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவேயும் தெற்கு முனையான தெவிநுவரயிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்தாங்க. 27 நாள், சுமார் 670 கிலோமீட்டர். வழி நெடுக சனங்க சேர்ந்துக்கிட்டாங்க. தெற்குல இருந்து நடந்து வந்து வடக்குக்கு ஆஸ்பத்திரி கேக்குறது அந்த நேரத்துல சின்ன விஷயம் இல்ல. அந்தப் பணத்துல யாழ்ப்பாணம் பக்கம் தெல்லிப்பழைல புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்புச்சு. அதுவரைக்கும் வடக்குல பல பேர் கொழும்பு பக்கம் மகரகமவுக்குத்தான் போகணும்.

அந்த அலைச்சல் எனக்குத் தெரியும். எங்க சித்தப்பா மாசாமாசம் நெல்லை எக்ஸ்பிரஸ்ல சென்னை போய் கீமோ எடுத்தவர். போறப்ப பரவாயில்ல. திரும்பி வர்ற ராத்திரி, வாந்தியோட, அப்பர் பெர்த்ல.

ஒரு உண்மையையும் சொல்லிடுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி முதல் தடவை ஓடினப்ப எனக்கு வந்த நன்கொடை 6,400 ரூபாய். ஷூ, பதிவுக் கட்டணம், பஸ் எல்லாம் சேர்த்து நான் செலவழிச்சது 9,000. பேசாம அதையே குடுத்திருக்கலாம்! அதனால இந்தத் தடவை ரெண்டு விதி. என் செலவு என் சம்பளத்துல. நன்கொடை என் கணக்குக்கே வராது. நேரா அறக்கட்டளைக்குப் போகும், ரசீதும் அவங்களே குடுப்பாங்க. நீங்க யாருக்காவது குடுக்குறதா இருந்தாலும் முதல்ல இந்த ரெண்டையும் கேளுங்க.

ஆச்சி சுருக்குப்பைல இருந்து 200 ரூபாய் எடுத்துக் குடுத்தாங்க. பாதில நின்னுட்டா திருப்பித் தரணுமாம். இதுவரைக்கும் நான் ஓடுன அதிகபட்ச தூரம் 14 கிலோமீட்டர்.