இணையத்தில் நல்ல கூட்டாளிகள்



தோட்டத்துப் பிள்ளைகளிடம் கேள்விகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. வேலியோரச் செடியில் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு என்ன பெயர்? இரவில் செம்பனைக் காட்டில் எலி பிடிக்கும் வெள்ளை முகக் கூகை பகலில் எங்கே தூங்குகிறது? தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடைத்த பழைய அஞ்சல் தலைக்கு மதிப்பு உண்டா? அப்பாவைக் கேட்கலாம் என்றால் அவருக்கு வேலைக் களைப்பு. ஆசிரியருக்கோ பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம். "பூச்சி என்றால் பூச்சிதான், போய்ப் படி" என்று யாராவது சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே அமுங்கிப் போகும். அதன் பிறகு அந்தப் பிள்ளை கேட்பதில்லை. இதைச் சிறிய நட்டம் என்று நான் எண்ணவில்லை.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் எங்கே கூடுகிறார்கள், அவர்களிடம் எப்படிப் போய்ச் சேருவது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முகம் பாராமல் ஒத்த ஆர்வமுள்ளவர்கள் கூடுவது நமக்குப் புதிதன்று. 1950களில் கோ. சாரங்கபாணி அவர்களின் தமிழ் முரசு 'மாணவர் மணிமன்றம்' என்று மாணவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியது. எங்கோ ஒரு தோட்டத்துப் பையன் எழுதியதை இன்னோர் ஊர்ப் பெண் படித்தாள். பதிலுக்குத் தானும் எழுதினாள். அந்தப் பக்கங்களில் எழுதிப் பழகியவர்கள் பின்னாளில் எழுத்தாளர்களானார்கள். இயற்கையில் நாட்டமுடையவர்களுக்கு 1940ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் ஒரு சங்கம் தோன்றிவிட்டது. இன்றைக்கு அது மலேசிய இயற்கைக் கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. முன்பு அஞ்சலும் அச்சும் செய்த வேலையை இப்போது கைப்பேசி செய்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் கைப்பேசியைக் கையில் எடுத்த உடனே நல்ல மன்றம் நம்மைத் தேடி வந்துவிடாது. வருவது பாட்டும் கூத்தும் வீண் அரட்டையும்தான். நல்லதை நாம்தான் தேடிப் போக வேண்டும். தேடிப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

2011ஆம் ஆண்டு மே மாதம். கோலாலம்பூருக்கு அருகே சிலாங்கூர்க் காட்டுப் பகுதி ஒன்றில் குவெக் ஹோக் பிங் என்ற மலேசியர் பூச்சிகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அது அவருடைய பொழுதுபோக்கு. பச்சை நிறத்தில் மெல்லிய பூச்சி ஒன்று வந்து அமர்ந்தது. கண்ணாடி போன்ற இறக்கைகள். அவற்றின் அடிப்பகுதியில் கறுப்புக் கோடுகள் வலைபோல ஓடின. இடையிடையே நீலப் புள்ளிகள். அவர் படம் எடுத்தார். பூச்சி பறந்து போய்விட்டது. வீட்டுக்கு வந்து, படங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஃபிளிக்கர் என்ற இணையத்தளத்தில் அதைப் போட்டு வைத்தார்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில வேளாண்மைத் துறையில் பணியாற்றிய பூச்சியியல் அறிஞர் ஷான் விண்டர்டன் தற்செயலாக அந்தப் படத்தைக் கண்டார். இந்த இனப் பூச்சிகளை ஆராய்வதே அவர் தொழில். அவருக்கும் இது இன்னதென்று தெரியவில்லை. தோழர்களுக்கு அனுப்பிக் கேட்டார், அவர்களுக்கும் தெரியவில்லை. உலகம் இன்னும் பெயர் வைக்காத பூச்சியாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் வெறும் படத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியுமா? பூச்சி கையில் இருக்க வேண்டும். குவெக்குக்குக் கடிதம் போனது. பூச்சியோ எப்போதோ பறந்துவிட்டது.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, அதே இடத்தில் அதே வகைப் பூச்சி ஒன்று குவெக்கிடம் சிக்கியது. அதை ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று விண்டர்டனைக் கேட்டார். பூச்சி இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஸ்டீவ் புரூக்ஸ் என்ற அறிஞர் சோதித்துப் பார்த்து, புதிய இனம்தான் என்று உறுதி செய்தார். அதே வகைப் பூச்சி ஒன்று அந்த அருங்காட்சியகத்திலேயே பல்லாண்டுகளாகப் பெயரில்லாமல் கிடந்ததும் அப்போதுதான் தெரிய வந்தது! மூவரும் மூன்று கண்டங்களில் இருந்தபடியே இணையத்தின் வழி ஒரே கட்டுரையை எழுதினார்கள். 2012ஆம் ஆண்டு சூகீஸ் என்ற ஆய்விதழில் அது வெளிவந்தது. பூச்சிக்கு 'செமக்ரைசா ஜேட்' என்று பெயர். ஜேட் என்பது விண்டர்டனின் மகள் பெயர். கட்டுரையாசிரியர்களின் வரிசையில் குவெக்கின் பெயரும் இருக்கிறது.

"பூச்சிக்குப் பெயர் வைத்து என்ன ஆகப் போகிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அப்படிக் கேட்கலாகாது. இந்தக் கண்ணாடி இறக்கைப் பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்த பல புழுக்கள் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்று நம் கத்திரிச் செடியைக் காப்பாற்றுகின்றன. செம்பனையின் கதையையும் பாருங்கள். ஒரு காலத்தில் செம்பனைப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவினார்கள். அந்த வேலைக்குப் போன பெண்மணிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1981ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து சின்னஞ்சிறு கூன்வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பூவுக்குப் பூ போய் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. எந்த வண்டு என்ன செய்கிறது என்று பொறுமையாகக் கவனித்ததால் வந்த பலன் அது.

சரி, நம் பிள்ளைகள் எங்கே போவது? செடி, பூச்சி, பறவை இவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்ற மன்றம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் தங்கள் படிப்பின் ஒரு பகுதியாகத் தொடங்கியது. கட்டணம் கிடையாது. நீங்கள் கண்டதைப் படம் எடுத்து, எங்கே, எப்போது என்று குறித்துப் போட்டால், அத்துறையில் ஈடுபாடு உள்ளவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பதும் உண்டு. ஒருவர் சொல் போதாது. குறைந்தது இருவராவது பார்த்து, கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒத்துக்கொண்டால்தான் அந்தப் பதிவை ஆய்வுக்கு ஏற்றது என்று வைப்பார்கள். பறவைகளை மட்டும் எண்ணிக் குறிப்பவர்களுக்கு ஈபேர்ட் என்று ஒன்று, 2002 முதல் நடக்கிறது. எந்த நேரத்தில் எத்தனை மைனா கண்டோம் என்பதும் அங்கே பயனுள்ள செய்திதான்.

படம் எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தூரத்தில் பச்சையாக ஏதோ தெரிகிறது, 'இது என்ன?' என்று கேட்டால் அறிஞர் என்ன சொல்வார்? பூச்சியானால் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், முடிந்தால் முகத்தின் அருகே ஒரு படம். செடியானால் பூ மட்டும் போதாது. இலையின் மேல்புறம், அடிப்புறம், காய், தண்டு எல்லாம் வேண்டும். அளவு தெரிய பக்கத்தில் ஓர் ஐந்து காசு நாணயத்தை வைக்கலாம். எந்தச் செடியின் மேல் இருந்தது, காலையா மாலையா, மழைக்குப் பிறகா என்பதை எழுதுங்கள். வீட்டில் நட்டு வளர்த்த செடியானால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இலக்கண சுத்தமான ஆங்கிலம் தேவையில்லை. நாலு சொல் போதும், மலாயிலும் எழுதலாம்.

இங்கே பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வாய்க்கால் ஓரத்துக் கீரைக்கும், புண்ணுக்கு அரைத்துப் பூசும் இலைக்கும் நம் பாட்டிமார்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே செடிக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் வெவ்வேறு பெயர் சொல்வதும் உண்டு. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறாமலே போய்க்கொண்டிருக்கின்றன. நான் சொன்ன மன்றத்தில் ஓர் உயிரினத்தின் இலத்தீன் பெயரோடு பல மொழிப் பெயர்களையும் சேர்க்க இடமிருக்கிறது. பேரன் படம் எடுக்கட்டும், பாட்டி பெயர் சொல்லட்டும். ஆனால் ஒன்று: பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முகமறியாதவர் இணையத்தில் 'இதைத் தின்னலாம்' என்று சொன்னதை நம்பி எந்தக் கீரையையும் காளானையும் சமைத்துவிட வேண்டாம்.

இனி, எந்த மன்றம் நல்லது என்று எப்படி அறிவது? சேர்ந்த அன்றே பேசாதீர்கள். ஒரு வாரம் சும்மா படித்துக்கொண்டிருங்கள். புதிதாக வந்த ஒருவர் விவரமில்லாத கேள்வி ஒன்றைக் கேட்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பொறுமையாகப் பதில் சொல்லி, ஏன் அப்படி என்று காரணமும் காட்டினால் அங்கே இருக்கலாம். கேலி செய்து விரட்டினால், எவ்வளவு பெரிய அறிவாளிகள் கூடுமிடமானாலும் பிள்ளைகளுக்கு அது ஆகாது. தவறாகச் சொன்னவர் திருத்திக்கொள்கிறாரா என்பதையும் கவனியுங்கள். எல்லாரும் ஒருவரையே புகழ்ந்துகொண்டிருக்கும் இடத்தில் கற்பதற்கு அதிகம் இருக்காது என்பது என் எண்ணம்.

பெற்றோர்கள் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. நல்ல மன்றத்துக்குள்ளும் கெட்ட எண்ணத்தோடு ஒருவர் நுழையலாம். பொது இடத்தில் பேசிக்கொண்டிருந்தவர் பிள்ளையைத் தனியாகப் பேச அழைத்தாலோ, முகப்படம் கேட்டாலோ, உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்று பழக்கி வையுங்கள். அடையாள அட்டை எண், வங்கிக்கு வரும் இரகசிய எண், இவற்றை எந்தப் பூச்சி அறிஞரும் கேட்கமாட்டார். அஞ்சல் தலை, பழைய நாணயம் சேர்ப்போர் மன்றங்களில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். 'உங்கள் நாணயம் ஆயிரம் வெள்ளி பெறும், முதலில் ஐம்பது வெள்ளி கட்டுங்கள்' என்பது பழைய தந்திரம். பணம் பறிபோய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் 997 என்ற எண்ணை உடனே அழையுங்கள். மோசடிகளுக்கென்று அரசாங்கம் 2022இல் அமைத்த மையம் அது.

படம் போடும்போது வீட்டின் சரியான இருப்பிடம் தெரியாமல் மறைத்து வைக்கும் வசதி ஐநேச்சுரலிஸ்டில் உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அருகிவரும் உயிரினங்கள் இருக்குமிடத்தை அந்த மன்றம் தானாகவே மங்கலாக்கிக் காட்டும். திருடர்கள் மனிதர்களை மட்டுமா தேடுகிறார்கள்? காட்டு ஆர்க்கிட் செடிகளையும் தேடுகிறார்களே!

பூச்சியில் ஆர்வமில்லாத பிள்ளைக்கு வானம் இருக்கிறது. 2007இல் பத்து இலட்சத்துக்கு நெருக்கமான விண்மீன் கூட்டங்களின் படங்களை வகை பிரிக்கப் பொதுமக்களை அழைத்தது கேலக்ஸி சூ என்ற திட்டம். ஹாலந்து நாட்டுப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு படத்தில் விளங்காத திட்டு ஒன்றைக் கண்டு, 'இது என்ன?' என்று மன்றத்தில் கேட்டார். வானியலாளர்களுக்கும் அது புதிதாக இருந்தது. இன்று அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

முதல் படத்தைப் போட்டுவிட்டுப் பிள்ளை அன்று மாலையே பதில் தேடும். பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் சில நாளில் பதில் வந்துவிடும். சிறு வண்டுகளுக்கும் அந்துப்பூச்சிகளுக்கும் மாதக்கணக்கில் ஆகலாம்; அவற்றை அறிந்தவர்கள் உலகிலேயே சிலர்தான். படத்தை அழித்துவிடாமல் விட்டு வையுங்கள். அதற்குள் அதே செடியில் மறுபடியும் போய்ப் பார்த்தால் அந்தப் பூச்சியின் முட்டையோ புழுவோ கிடைக்கக்கூடும். அதையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்துவிடலாம்.