காப்புறுதிப் பணம் தரமுடியாது என்றால்…

கணவரின் மரணத்துக்குப் பின்னர் காப்புறுதிப் பணம் கேட்டுச் செல்லும் எமது சகோதரிகள் பலர், கருமபீடத்தில் சொல்லப்படும் "இது கிடைக்காது அம்மா" என்ற ஒரு வார்த்தையுடன் திரும்பிவிடுகின்றனர். யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்து கண்டியிலும், கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பக்கங்களிலும் பிள்ளைகளுடன் தனித்து வாழும் பெண்களோடு கதைக்கும்போது இதை அடிக்கடி கேட்கிறேன். கம்பனி அனுப்பிய கடிதம் எங்கே என்றால், கடிதமே இல்லை என்பார்கள். வாயால் சொன்னதை வைத்து முறையிடுவது கடினம். ஆகவே முதல் வேலை, நிராகரித்த காரணத்தை எழுத்தில் தருமாறு பதிவுத் தபாலில் கேட்பதுதான். தமிழிலேயே எழுதலாம்.

அதிகம் சொல்லப்படும் காரணம், "நோயை மறைத்துவிட்டார்" என்பதாகும். காப்புறுதி எடுப்பவர் தன் உடல்நிலையை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் விண்ணப்பப் படிவத்தை நிரப்புபவர் யார்? பெரும்பாலும் முகவர். அவர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிக்கொண்டு போக, கடைசியில் ஒரு கையொப்பம் மட்டும் எங்களுடையது. (படிவத்தை வாசித்து விளக்கிய முகவரை நான் இன்னும் காணவில்லை.) அந்தப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பதில் பிழை, அப்போதே நோய் இருந்ததற்கு என்ன மருத்துவச் சான்று என்று கம்பனியிடம் கேளுங்கள். மறைத்ததாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

கணவர் காணாமற்போன பெண்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஆயுட் காப்புறுதியில் மரணத்தை நிரூபித்தாக வேண்டும். ஏழு வருடங்களாகத் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருத எமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இடமளிக்கிறது. யுத்தகாலச் சம்பவங்களில் காணாமற்போனவரின் மரணத்தை ஒரு வருடத்தின் பின் பதிவு செய்ய, 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வழி செய்தது. இறந்துவிட்டார் என்று ஒப்பமிட மனம் வராதவர்களுக்காக 2016இல் காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ் கொண்டுவரப்பட்டது. ஆயினும் அது மரணத்தை நிரூபிக்கும் பத்திரம் அல்ல. எதைப் பெறுவது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. பணத்துக்காக அவளை அவசரப்படுத்த உறவினருக்கு உரிமையில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. "தவணைப் பணம் கட்டவில்லை, காப்புறுதி காலாவதியாகிவிட்டது" என்பார்கள். இப்படியான ஒரு வழக்கில் 2004 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம், காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஏழு வருடம் கழிந்தால் இறந்ததாகக் கருதலாம், ஆனால் எப்போது இறந்தார் என்பதை அது காட்டாது, இடையில் தவணை நின்றிருந்தால் பணம் கேட்க முடியாது என்றது. இது எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் எமது சாட்சியச் சட்டமும் இந்தியச் சட்டத்தைத் தழுவியதே என்பதால், கம்பனியின் சட்டத்தரணி அதை எடுத்துக்காட்டக்கூடும். ஆகவே காணாமற்போனதை உடனேயே எழுத்தில் அறிவியுங்கள். தொடர்ந்து கட்ட வசதியில்லையென்றால், இதுவரை கட்டியதற்கு என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம் போன்றவை எப்போது காணாமற்போனார் என்பதைக் காட்ட உதவும்.

கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு மேன்முறையீடு எழுதியும் பலனில்லையா? கொழும்பில் 2005 முதல் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியின் அலுவலகம் இயங்குகிறது. கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை, முறைப்பாட்டைத் தபாலில் அனுப்பலாம். ஆனால் வழக்குப் போட்டுவிட்டால் அவர் அதைக் கையேற்கமாட்டார். எனவே ஆத்திரத்தில் முதலில் நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள். கம்பனிகளை மேற்பார்வை செய்யும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். 2017 வரை காப்புறுதிச் சபை என்று இருந்தது இதுதான்.

கடைசி வழி வழக்கு. எழுத்திலான ஒப்பந்தம் ஒன்றின் மீது வழக்குத் தொடரப் பொதுவாக ஆறு வருட அவகாசம் உண்டு. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், காப்புறுதிப் பத்திரத்திலேயே குறுகிய காலம் குறிப்பிடப்பட்டிருக்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது; கண்டியிலும் அதன் நிலையம் உண்டு. போகும்போது காப்புறுதிப் பத்திரம், பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், நிராகரிப்புக் கடிதம், அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரிடம் பெற்ற வருமானக் கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மூலப் பத்திரத்தைக் காட்டிவிட்டுத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். கொடுத்துவிட்டு வர போட்டோகொப்பி போதும்.