முதலிடம் எதற்கு?

‘உமது வாழ்வில் முதலிடம் பெறுவது யாது?’ என ஒருவரை வினவினால், கல்வி என்றோ கடவுள் என்றோ குடும்பம் என்றோ தயங்காது விடை பகர்வார். அவ்விடை பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று. ஒன்றைக் கொள்ள மற்றொன்றைக் கைவிடல் வேண்டும் என்னும் நிலை வருங்காலத்தேதான் நம் மனத்தின் வரிசை நமக்கே புலனாகின்றது.

கெடுவதையும் ஆவதையும் பின்னர் விளையும் ஊதியத்தையும் எண்ணிச் செயலாற்றுக என்பது, தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. எண்ணுதற்குப் பொழுது இல்லாதவிடத்து மாந்தர் யாது செய்வர்? மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள பெரியமடு இதற்கு விடை கூறும்.

மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர் அது. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் யாவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அளித்த தவணை இரண்டு மணி நேரமே. எடுத்துச் செல்லும் பொருளுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். பெரும்பாலோர் புத்தளத்தை அடைந்தனர். பெரியமடு முஸ்லிம்களும் அவ்வாறே ஊர் நீங்கினர்.

அந்நாளில் எவர் எதனை எடுத்தனர் என்பதைச் சிலர் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறேன். ஒருவர் காணி உறுதியை எடுத்தார். ஒருவர் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்தார். ஒரு தாய் குழந்தைக்குப் பாற்போத்தலை மட்டும் எடுத்தார். இவற்றுள் எது சிறந்தது என்று தீர்ப்பளிக்க நாம் யார்? காணி உறுதி பின்னர் வழக்கிற்கு உதவிற்று. சான்றிதழ் பாடசாலைக் கதவைத் திறந்தது. பால் அன்றிரவே உயிர் காத்தது.

2009இல் போர் முடிந்தபின் மீண்டும் தெரிவு வந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் வயல் காடாகியிருந்தது. பிள்ளைகளோ புத்தளத்துப் பாடசாலைகளில் வேரூன்றிவிட்டனர். ஆகவே முதியோர் காடு வெட்ட ஊர் திரும்ப, இளையோர் அங்கேயே தங்கிய குடும்பங்கள் பல.

இவர்களை நோக்கி, ‘ஈரிடத்தும் வீடு வைத்திருப்போர் மெய்யாகத் திரும்பியவர் அல்லர்’ எனக் குறை கூறுவோர் உளர். பெரியமடு முதியவர் ஒருவர் என்னிடம் உரைத்தது இது: “வயலை இப்ப விட்டால் பிறகு பிடிக்க ஏலாது, மாஸ்டர். பேரப்பிள்ளையின்ர படிப்பை விட்டாலும் பிறகு பிடிக்க ஏலாது. அதுதான் நான் இங்க, அவன் அங்க.”

இது உறுதியற்ற மனத்தின் பேச்சன்று. பின்னர் மீட்க முடியாதது எதுவோ அதற்கே முதலிடம் என்னும் தெளிந்த அளவுகோல் இது. இரண்டு அவ்வாறு அமைந்தமையால், அவர் இரண்டையும் காத்துத் தம் முதுமையின் துணையை விலையாகக் கொடுத்தார்.

ஆசிரியராகிய நமக்கும் இது பாடம். வயல் வேலைக்காக வகுப்புக்கு வராத மாணாக்கனைக் கண்டதும் ‘கல்வியின் அருமை அறியாதவன்’ என்று கடிகிறோம். அவன் வீட்டில் எதை விட்டு எதைக் காத்தார்கள் என வினவியதுண்டா? பிறர் தெரிவை மதிப்பிடுமுன், அவர்முன் இருந்த வழிகள் எத்தனை என எண்ணுதல் அறம். நம் தெரிவை மதிப்பிடும்போதோ, நாம் வாயால் எதனை முதலில் வைத்தோம் என்பதன்று, அதற்காக எதனை இழக்க உடன்பட்டோம் என்பதே கணக்கு.