பாட்டும் நோயும் – 6: வெம்ப்ளியில் ஓர் ஈஸ்டர் திங்கள்

ஃப்ரெடி மெர்க்குரி அஞ்சலி இசைநிகழ்ச்சி 1992 ஏப்ரல் 20, ஈஸ்டர் திங்கட்கிழமையன்று லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடந்தது. குவீன் ராக் குழுவின் பாடகரை நினைவுகூரவும், அவரைப் பலிகொண்ட எய்ட்ஸ் பற்றி மக்களிடம் வெளிப்படையாகப் பேசவும் எஞ்சிய மூன்று உறுப்பினர்கள் ஏற்பாடு செய்தது அது. கிதார் கலைஞர் பிரையன் மேயும் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லரும் அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரிட் விருது விழா மேடையில் இதை அறிவித்தார்கள். வேறு யார் யார் பாடப்போகிறார்கள் என்று தெரியாத நிலையிலேயே, சில மணி நேரத்தில் 72,000 டிக்கெட்டுகளும் தீர்ந்துபோயின.

மெர்க்குரியின் இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. 1946-ல் சான்சிபாரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தபோது பியானோ கற்று, சக மாணவர்களோடு முதல் இசைக்குழுவைத் தொடங்கினார். 1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடித்ததும் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. குவீன் உருவானது 1970-ல். அவருடைய கடைசி ஆண்டுகளில் உடல் மெலிவதைக் கண்ட பத்திரிகைகள் ஊகங்களை எழுதிக் குவித்தன. கென்சிங்டனில் இருந்த அவர் வீட்டு வாசலில் புகைப்படக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். தமக்கு எய்ட்ஸ் இருப்பதை 1991 நவம்பர் 23 அன்று அறிக்கை மூலம் ஒப்புக்கொண்டார். மறுநாள் மாலை இறந்தார். வயது 45.

அந்தக் காலத்தில் எய்ட்ஸ் என்றால் மரணம் என்றே பொருள். நோய் மருத்துவ இதழில் முதன்முதலில் பதிவானது 1981-ல். அதற்குக் காரணமான எச்.ஐ.வி. வைரஸ் கண்டறியப்பட்டது 1983-ல். 1987-ல் வந்த ஏ.இசட்.டி. மருந்து சாவைச் சிறிது காலம் தள்ளிப்போட்டதே தவிர நோயைக் கட்டுப்படுத்தவில்லை. உயிர் காக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாக இன்னும் நான்கு ஆண்டுகள் ஆகவிருந்தன. ஆகவே 1992-ல் ஒரு சமூகத்தின் கையில் இருந்த உருப்படியான தற்காப்பு, தொற்று எப்படிப் பரவுகிறது என்ற அறிவுதான். அந்த அறிவை வாய்விட்டுச் சொல்லத்தான் எல்லா நாடுகளும் கூச்சப்பட்டன. இந்தியாவும் விதிவிலக்கல்ல. மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் 1986-ல் சென்னையில்தான் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தொடங்கப்பட்டது வெம்ப்ளி நிகழ்ச்சி நடந்த அதே 1992-ல்.

நிகழ்ச்சியின் முதல் பாதி விருந்தினர் குழுக்களுக்கு ஒதுக்கப்பட்டது. மெட்டாலிகா, எக்ஸ்ட்ரீம், டெஃப் லெப்பர்ட், கன்ஸ் அன் ரோசஸ் ஆகியோர் மேடையேறினார்கள். யூ2 குழு அமெரிக்காவிலிருந்து செயற்கைக்கோள் வழியே இணைந்தது. இந்தப் பாதியில்தான் நடிகை எலிசபெத் டெய்லர் பேச வந்தார். நண்பர் ராக் ஹட்சனை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்தவர், அமெரிக்காவின் எய்ட்ஸ் ஆய்வு அறக்கட்டளையை நிறுவியவர்களில் ஒருவர். பாட்டுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் முணுமுணுப்பு எழாமல் இல்லை. அவர் அசரவில்லை. ஆண், பெண், யாராக இருந்தாலும், யாரோடு உறவு கொண்டாலும் ஒவ்வொரு முறையும் ஆணுறை பயன்படுத்துங்கள், போதை ஊசியைப் பகிராதீர்கள் என்று பட்டவர்த்தனமாகச் சொன்னார். அன்றைய நிகழ்ச்சியில் மிகத் துணிச்சலான சில நிமிடங்கள் அவைதான். பெற்றோரும் பள்ளிகளும் அரசுகளும் சொல்லத் தயங்கிய வார்த்தைகளை ஒரு திரைநட்சத்திரம் பல நாடுகளின் தொலைக்காட்சியில் சொன்னார். எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னமான சிவப்பு ரிப்பன்கள் லட்சத்துக்கும் மேல் அன்று விநியோகிக்கப்பட்டன. முந்தைய ஆண்டு நியூயார்க் கலைஞர்கள் உருவாக்கிய அந்தச் சின்னம் ஐரோப்பாவில் பெருந்திரளை எட்டியது அங்கேதான்.

இரண்டாம் பாதியில் குவீனே வாசித்தது. பாடகர் இல்லாத குழுவுக்கு யார் குரல் கொடுப்பது? ஒருவரைத் தேடாமல் பாட்டுக்கு ஒருவராக அழைத்தது நல்ல முடிவு. ராபர்ட் பிளான்ட், ரோஜர் டால்ட்ரி, லிசா ஸ்டான்ஸ்ஃபீல்ட், சீல் என்று வரிசையாக வந்தார்கள். மெர்க்குரியின் குரல் எத்தனை பாணிகளை அனாயாசமாகத் தொட்டது என்பதை, அதைப் பங்கு போட்டுக்கொள்ள இத்தனை பேர் தேவைப்பட்டதே காட்டிக்கொடுத்தது. டேவிட் போவியும் ஆனி லெனாக்ஸும் சேர்ந்து பாடினார்கள். பிறகு போவி மண்டியிட்டு, கிறிஸ்தவ மன்றாட்டைச் சொன்னார். தன்பாலின ஈர்ப்பாளர்களைப் புண்படுத்தும் பாடலை எழுதியதற்காகக் கண்டனத்துக்கு ஆளாகியிருந்த கன்ஸ் அன் ரோசஸ் பாடகர் ஆக்ஸல் ரோஸ், எல்டன் ஜானோடு இணைந்து 'பொஹீமியன் ராப்சடி'யைப் பாடி முடித்தார்.

ஆனால் அன்று உச்சம் தொட்டவர் பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேல். அவர் பாடிய 'சம்படி டு லவ்' 1976-ல் வெளியான குவீன் பாடல். காஸ்பல் எனப்படும் தேவாலயக் கூட்டிசையின் பாணியில் மெர்க்குரி எழுதியது. ஒலிப்பதிவில் மூன்றே பேரின் குரல்களை அடுக்கடுக்காகப் பதிந்து பெருங்குழுவின் ஓசையை உண்டாக்கியிருந்தார்கள். வெம்ப்ளியில் நிஜமாகவே ஒரு காஸ்பல் பாடகர் குழு பின்னால் நின்றது. ஒத்திகையின் படச்சுருள் இன்றும் கிடைக்கிறது. மைக்கேல் பார்வையாளர் இல்லாத கூடத்திலும் முழுத் தொண்டையில் பாடுகிறார். ஓரத்தில் நிற்கும் போவி கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிகழ்ச்சி மேடையில் மைக்கேல் பாட்டை நடுவில் கூட்டத்திடம் ஒப்படைக்க, ஸ்டேடியமே வாங்கிப் பாடியது. மைக்கேலின் துணைவருக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்ற அச்சம் அப்போதே எழுந்திருந்தது. துணைவர் அரங்கில்தான் இருந்தார். இதை வெளியே சொல்லும் துணிவு அன்று மைக்கேலுக்கு இல்லை. பல ஆண்டுகள் கழித்தே பேசினார். துணைவர் 1993-ல் இறந்தார். மெர்க்குரியைப் போலவே, பாடியவரும் ரகசியத்தைச் சுமந்துகொண்டுதான் நின்றிருந்தார். அன்றைய காலத்தின் களங்க உணர்வு எவ்வளவு கடுமையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிகழ்ச்சி லைசா மினெல்லியின் பாட்டோடு நிறைவுற்றது. வருவாயைக் கொண்டு மேயும் டெய்லரும் குழுவின் மேலாளர் ஜிம் பீச்சும் மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளையை நிறுவினார்கள். வெம்ப்ளிப் பாடல்களையும் உள்ளடக்கி 1993-ல் வெளிவந்த 'ஃபைவ் லைவ்' இசைத்தட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதன் வருவாயும் அறக்கட்டளைக்கே போயிற்று. ஆப்பிரிக்கா, ஆசியா உள்ளிட்ட பகுதிகளில் எச்.ஐ.வி. தடுப்புக்கும் நோயாளிகளின் பராமரிப்புக்கும் அது தொடர்ந்து நிதி அளித்து வருகிறது.

(தொடரும்)