பாட்டி வாசனை

“அக்கா, இன்னைக்கு நீங்க எங்க பாட்டி மாதிரி மணக்கிறீங்க.”

ஒலிபரப்பு அறையில் என்னைவிடப் பத்து வயது இளைய சக படைப்பாளர் சொன்னது இது. ஜன்னல் இல்லாத சின்ன அறை. யார் என்ன பூசியிருந்தாலும் அடுத்தவருக்குத் தெரிந்துவிடும். நான் பூசியிருந்தது ஐரிஸ் வாசனைத் திரவியம். டோபி காட்டில் ஒரு கடைத்தொகுதியில் அரைமணி நேரம் முகர்ந்து பார்த்து வாங்கியது. அவர் கிண்டலாகச் சொன்னாரோ, பாராட்டாகச் சொன்னாரோ, சரியாகத்தான் சொன்னார்.

ஐரிஸ், மல்லிகைபோல் நமக்கு முன்னால் அறைக்குள் நுழையாது. முதலில் ஒரு குளிர்ச்சி. கூடவே கேரட்டைச் சீவியதுபோல லேசான மண்வாடை. பிறகு மெல்ல மெல்லப் பவுடர். தகர டப்பாவைத் திறந்ததும் வருமே, அந்த மணம். கடைசியில் இஸ்திரி போட்ட பருத்தித் துணி. பக்கத்தில் வந்தால்தான் தெரியும்.

பெயர் பூவுக்கு, மணமோ கிழங்குக்கு. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் இந்தக் கிழங்கை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வளர்க்கிறார்கள். தோண்டியதும் முகர்ந்தால் ஏமாற்றம்தான், மணம் எதுவும் இராது. தோல் சீவி, உலர்த்தி, இன்னும் மூன்று ஆண்டாவது கிடப்பில் போடவேண்டும். அதற்குள் கிழங்கிலுள்ள பொருள்கள் காற்றோடு மெதுவாக வினைபுரிந்து ‘ஐரோன்’ என்ற மணப்பொருளாகின்றன. அப்புறம் நீராவியில் வடித்தால், அறை வெப்பத்தில் வெண்ணெய்போல் உறைந்து நிற்கும் ஒன்று கிடைக்கும். ஒரு டன் கிழங்குக்குச் சில கிலோதான். விலை அப்படி இருப்பதில் வியப்பில்லை. (நம் வீட்டு வசம்பும் காய்ந்த கிழங்குதான், ஆனால் அது வேறு குடும்பம்.)

1893ல் டீமன், க்ரூகர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர்கள் வேறு வழி கண்டார்கள். வயலட் பூவின் மணத்தைத் தேடி ஐரிஸ் கிழங்கை ஆராய்ந்தவர்கள், எலுமிச்சைப்புல்லில் இருக்கும் சிட்ராலிலிருந்து ‘ஐயனோன்’ என்ற மணப்பொருளைச் செய்தார்கள். டோம் யாம் சூப்பில் போடுகிறோமே, அந்த வகைப் புல்தான். முகப்பவுடரிலும் உதட்டுச் சாயத்திலும் ஐயனோன் நெடுங்காலமாகச் சேர்க்கப்படுகிறது. ஐரிஸை முகர்ந்ததும் பாட்டியின் பவுடர் டப்பா நினைவுக்கு வருவது இதனால்தான்.

துணி வாசனைக்கும் காரணம் உண்டு. ஐரோப்பாவில் ஐரிஸ் கிழங்கைப் பொடித்து, சலவைத் துணிகளுக்கு நடுவே வைப்பது பழைய வழக்கம். இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டின் 1480ஆம் ஆண்டு ஆடைக் கணக்கிலேயே இந்தக் கிழங்கு இருக்கிறது.

நான் அதை வாங்கிய இடத்தின் பெயரும் சலவையிலிருந்து வந்ததுதான். டோபி என்றால் சலவைத் தொழிலாளி, காட் என்றால் படித்துறை. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள், இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகிவிட்ட ஓடையில் துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். இப்போது அங்கே மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன.

உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, ஒருநாள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் போயிருந்தேன். பக்கத்து மாணவி ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அதன்பிறகு பல வருடம், இனிப்பான, கனமான எதையாவது ஐந்தாறு முறை அடித்துக்கொள்ளாமல் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை. ரயிலில் யாராவது மூக்கைத் தொட்டால்கூட நம்மால்தானோ என்று பதறுவேன். ஊர்த்துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் பெயர்கொண்ட நிலையத்தில் நின்றுகொண்டே பதறியிருக்கிறேன்.

இப்போது இரண்டே முறைதான் அடித்துக்கொள்கிறேன், அதுவும் பெரும்பாலும் துப்பட்டாவில். நம் ஊர்ப் புழுக்கத்தில் இனிப்பு வாசனைகள் ஊதிப் பெருக்கும். ஐரிஸ் அடக்கமாகவே இருக்கும். ஆண்களும் தயங்கவேண்டாம், 2005ல் வந்த ‘டியோர் ஓம்’ ஐரிஸை நடுநாயகமாக வைத்து ஆண்களுக்காகச் செய்ததுதான்.

அம்மாவிடம் புட்டியைக் காட்டினேன். முகர்ந்தார், விலையைக் கேட்டார். “இந்தக் காசுக்கு எத்தனை டப்பா பவுடர் வாங்கலாம்!” என்றார். மறுநாள் கோயிலுக்குக் கிளம்பும்போது கொஞ்சம் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார்.

வாங்க நினைப்பவர்கள் கடையில் கொடுக்கும் காகிதத் துண்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். மணிக்கட்டில் ஒருமுறை அடித்துக்கொண்டு, டோபி காட்டில் வடகிழக்கு ரயிலேறுங்கள். லிட்டில் இந்தியாவில் கேரட்தான் இருக்கும். செங்காங் வந்ததும் முகர்ந்து பாருங்கள்.